காற்று யார் முகத்தில்? டூர் பார்க்க வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஞாயிறு காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். ஜூலை வந்தால் டூர் டி பிரான்ஸ், பிரான்ஸின் மூன்று வார சைக்கிள் ஓட்டம். நம் ஊர் நேரத்துக்கு ஒவ்வொரு நாள் ஓட்டமும் இரவு ஒன்பது மணி வாக்கில் முடியும், அதனால் நண்பர் ஒருவரின் டயர் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் கேட்பதும், பல வருடமாகப் பார்க்கிறவர்கள் கட்டிப்புரண்டு சண்டை போடுவதும் அநேகமாக ஒரே கேள்விகள்தான். வருடா வருடம் வாய் வலிக்கச் சொல்ல முடியவில்லை, எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணா, இருபத்தொரு நாள் ஓட்டுறாங்க, தினமும் ஒருத்தன் கையைத் தூக்குறான். அப்ப கடைசியில யார்தான் ஜெயிச்சது?

நேரத்தைக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். 21 நாளும் ஓட்டி முடிக்க எடுத்த மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு டூர். ஒரு நாள் ஓட்டத்தை முதலில் முடிப்பது தனிப் பெருமை. ஒரு நாள்கூட முதலில் வராமலே டூரை ஜெயிக்கலாம், 1990-ல் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் ஜெயித்தார், 2017-ல் கிறிஸ் ஃப்ரூமும். மொத்தக் கணக்கில் முன்னால் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை. 1903-ல் இந்தப் போட்டியை ஆரம்பித்தது லோட்டோ என்ற பிரெஞ்சுப் பத்திரிகை, அது மஞ்சள் தாளில் அச்சாகும். சட்டையும் மஞ்சளானது 1919-ல்.

கூட்டமாக வந்து சேர்ந்தால் முதல் ஆளுக்கும் நூறாவது ஆளுக்கும் ஒரே நேரம்தான் எழுதுவார்கள். வழக்கமான நாட்களில் முதல் மூன்று பேருக்கு மட்டும் 10, 6, 4 விநாடி கழிவு உண்டு. இந்த 10 விநாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.

ஒரு டீமுக்கு எட்டுப் பேர் எதுக்கு? ஜெயிக்கிறது ஒருத்தன்தானே?

ஓசூர் ரோட்டில் எதிர்க்காற்றில் தனியாக ஓட்டிப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது கால் போடும் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே போய்விடுகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரிய கூட்டத்துக்கு நடுவில் இன்னும் சுகம்: 2018-ல் பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்து அளந்தபோது, நடுவில் பின்பக்கமாக இருப்பவருக்குக் காற்றுத்தடை தனியாக ஓட்டுகிறவருக்கு இருப்பதில் வெறும் 5 முதல் 10 சதவீதம் என்று வந்தது. (லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகும் சுகமும் இதே கணக்குதான். தொப்பூர் பக்கம் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.)

ஆக எட்டில் ஏழு பேருக்கு வேலை தலைவன் முகத்தில் காற்று படாமல் பார்த்துக்கொள்வது. அணிக் காருக்குப் போய் ஏழெட்டு பாட்டிலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவது, தலைவனுக்கு பஞ்சர் என்றால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பது எல்லாம் இதில் அடக்கம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் மாதிரி, போட்டோவில் இருக்க மாட்டார்கள். இனி வரும் கேள்விகளில் பாதிக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது: எந்த நேரத்தில் யார் காற்றை வாங்கினார், யார் ஒதுங்கி இருந்தார்.

அப்ப நாலு மணி நேரம் ஊர்வலம் மாதிரி போறது வேஸ்ட்டா? கடைசி அரைமணி மட்டும் பாத்தா போதாதா?

போதும். ஆனால் அந்த அரைமணியில் ஒருவரின் கால் ஏன் சட்டென்று செத்துப் போனது என்பதற்குக் காரணம் முந்தைய மூன்று மணி நேரத்தில் இருக்கும்.

முன்னாடி அஞ்சு பேர் தனியா போறாங்க, நூத்தம்பது பேர் பின்னாடி வேடிக்கை பாக்குறாங்க. பிடிக்க முடியாதா?

முடியும், வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள். சீக்கிரம் பிடித்தால் அடுத்த ஐந்து பேர் ஓடுவார்கள், மறுபடி துரத்தணும். அதற்குப் பதில் மொத்தக் கணக்கில் வெகு பின்னால் இருக்கும் ஐந்து பேரைப் போக விட்டு, நாலைந்து நிமிடக் கயிற்றில் கட்டி வைப்பது சௌகரியம். பழைய கணக்கு ஒன்று உண்டு, ரோபேர் ஷாபாத் என்ற பிரெஞ்சு வர்ணனையாளர் பெயரில் சொல்வார்கள்: கூட்டம் மூச்சைப் பிடித்துத் துரத்தினால் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் குறைக்கும். முடிய 30 கிலோமீட்டர் இருக்கும்போது இடைவெளி மூன்று நிமிடத்துக்குக் கீழே இருந்தால் முன்னால் போகிறவர்கள் பாவம்.

கணக்குத் தப்பும் நாளும் உண்டு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் சாலை ஓட்டத்தில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் ஆரம்பத்திலேயே ஓடிப் போனார், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், எந்தத் தொழில்முறை அணியிலும் அப்போது இல்லை. யார் எங்கே இருக்கிறார் என்று அணிக் காரிலிருந்து காதில் சொல்லும் ரேடியோ ஒலிம்பிக்கில் கிடையாது. பின்னால் வந்த நெதர்லாந்துக்காரர்கள் எல்லாரையும் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். அன்னமீக் வான் ஃப்லூட்டன் கோட்டைத் தாண்டிக் கையை விரித்துக் கொண்டாடினார், அப்புறம்தான் தெரிந்தது அது வெள்ளி என்று. இன்றைக்கும் கடையில் யாராவது சீக்கிரம் குதித்தால் "வான் ஃப்லூட்டன் ஆயிடாதே" என்போம்.

மலையில மட்டும் ஏன் எல்லாரும் சிதறிடுறாங்க?

தருமபுரிக்காரர்கள் வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். வேகம் குறைய, காற்று ஒரு பொருட்டே இல்லாமல் போகும். உங்கள் எடையைத் தூக்குவதுதான் வேலை, அதை யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. அதனால்தான் கிலோவுக்கு எத்தனை வாட் என்று பேசுகிறார்கள். 60 கிலோ ஆள் 360 வாட் போட்டால் கிலோவுக்கு 6, அதே 6 வரவேண்டுமென்றால் 75 கிலோ ஆள் 450 போடணும்.

சமவெளியில என்ன ஆபத்து இருக்கு? தூக்கம் வருது.

பக்கக்காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், டூர் நடப்பதும் கிட்டத்தட்ட அதே மாதத்தில். காற்று பக்கவாட்டில் அடித்தால் நேர் பின்னால் மறைவு கிடைக்காது, சாய்வாக நின்றால்தான் கிடைக்கும். ரோட்டின் அகலத்துக்குள் சாய்வாக நிற்க இடம் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். மீதிப் பேர் ஓரத்தில் ஒற்றை வரிசையில் காற்றைக் குடித்துக்கொண்டு போவார்கள், யாராவது ஒருவர் விட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் காலி. 2019-ல் ஆல்பி ஊருக்குப் போன நாளில் பிரான்ஸின் தீபோ பீனோ இப்படி மாட்டி 1 நிமிடம் 40 விநாடி இழந்தார். பெரிய மலை ஒன்றுகூட இல்லை, ஒரு தவறான நிமிடத்தில் பின்னால் இருந்தார், அதுதான் குற்றம்.

எதிராளி விழுந்தா நின்னு காத்திருக்கிறாங்களே, இது என்ன ரேஸா, இல்ல தர்மசத்திரமா?

எழுதாத சட்டம். எழுதாத சட்டம் என்றாலே சண்டைதான், அஷ்வின் பட்லரை ரன் அவுட் செய்தபோது நம் ஆட்கள் எத்தனை நாள் பேசினார்கள் என்று தெரியும். 2022 டூரில் ஸ்லோவேனியாவின் தாதேய் போகாச்சார் இறக்கத்தில் விழுந்தபோது மஞ்சள் சட்டையில் இருந்த டென்மார்க்கின் யோனாஸ் விங்கேகோ காத்திருந்தார், இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். 2025-ல் துலூஸில் கடைசிக் கிலோமீட்டர்களில் போகாச்சார் விழுந்தபோதும் காத்திருந்தார்கள்.

2010-ல் வேறு கதை. மஞ்சள் சட்டையில் இருந்த ஆண்டி ஷ்லெக்கின் செயின் கழன்றது, அல்பெர்தோ கொன்டாடோர் நிற்கவில்லை, அன்று 39 விநாடி சம்பாதித்தார். பாரிஸில் ஜெயித்ததும் சரியாக 39 விநாடியில்! பிறகு ஊக்கமருந்து வழக்கில் 2012-ல் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்கிற்குப் போனது தனி விஷயம். என் கருத்து: விழுந்தால் காத்திருக்கலாம், செயின் கழன்றால் காத்திருக்க வேண்டியதில்லை. கடையில் இதில் நான் சிறுபான்மை.

2022-ல போகாச்சார்தான் பலசாலின்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் எப்படித் தோத்தார்?

இரண்டு பேர் சேர்ந்து அடித்தார்கள். கிரானோன் மலை முடிவுக்குப் போன நாள், ஜூலை 13. விங்கேகோவும் ஸ்லோவேனியாவின் ப்ரிமோஷ் ரோக்லிச்சும் ஒரே அணி, மஞ்சள் சட்டை போகாச்சாரிடம். வழியில் காலிபியே மலையில் ஒருவர் பாய்வார், போகாச்சார் துரத்திப் பிடிப்பார், பிடித்ததும் மற்றவர் பாய்வார். அணிக்காரர்களுக்கு ஒன்று விட்டு ஒன்று ஓய்வு, இவருக்கு ஓய்வே இல்லை. ரோக்லிச்சைப் போக விட்டிருக்கலாம், அவர் ஏற்கெனவே இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்னால் இருந்தவர். ஆனால் 23 வயது, தொடர்ந்து இரண்டு டூர் ஜெயித்த திமிர், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசி ஏற்றத்தில் பெட்ரோல் தீர்ந்தது. ஒரே மாலையில் 2 நிமிடம் 51 விநாடி போயிற்று, டூரும் போயிற்று.

2025 ஜிரோவைக் கெடுத்தது டெல் டோரோவா, கராபாஸா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நழுவாதீங்க.

சொல்கிறேன், ஆனால் நடந்ததை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இதில் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைய ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஜிரோ இத்தாலியின் மூன்று வார ஓட்டம், அங்கே தலைவருக்கு இளஞ்சிவப்புச் சட்டை. 20-ம் நாள் காலையில் மெக்ஸிகோவின் 21 வயது ஈசாக் டெல் டோரோ முதலிடம், ஈக்வடாரின் ரிச்சர்ட் கராபாஸ் 43 விநாடி பின்னால், பிரிட்டனின் சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்னால். நடுவில் ஃபினெஸ்ட்ரே மலை: 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், சராசரி 9 சதவீதத்துக்கு மேல், மேல்பாதி மண்ரோடு. யேட்ஸ் பாய்ந்தார். கராபாஸ் டெல் டோரோவைப் பார்த்தார், டெல் டோரோ கராபாஸைப் பார்த்தார். 'சட்டை உன்னுடையது, நீ துரத்து' என்பது ஒருவர் வாதம், 'உனக்கும்தானே நஷ்டம், நீயும் உழை' என்பது மற்றவர் வாதம். அண்ணன் தம்பி வரப்புக்குச் சண்டை போட, தோப்பு மாங்காயை மூன்றாவது ஆள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். கடைசிக் கணக்கில் யேட்ஸ் 3 நிமிடம் 56 விநாடியில் ஜெயித்தார்.

பலர் விடும் இடம் யேட்ஸின் அணி செய்த வேலை. வவுட் வான் ஆர்ட்டைக் காலையிலேயே முன்னால் ஓடும் கும்பலில் அனுப்பி வைத்திருந்தார்கள். ஜெயிக்க அனுப்பவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் காத்திருக்க அனுப்பினார்கள். மலையில் காற்று பெரிதில்லை என்று மேலே சொன்னேன், மலை முடிந்து வரும் பள்ளத்தாக்கில் காற்றுதான் எல்லாம். அங்கே யேட்ஸுக்குப் பெரிய உடம்பு வான் ஆர்ட்டின் முதுகு கிடைத்தது. பின்னால் இரண்டு பேர் இன்னும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது தீர்ப்பு. தப்பு டெல் டோரோ மேல்தான் அதிகம். கராபாஸை முதுகில் சுமந்துகொண்டு போனால் கடைசியில் அவர் முந்துவார் என்ற பயம் புரிகிறது, ஆனால் 9 சதவீத ஏற்றத்தில் பின்னால் ஒட்டி வருகிறவருக்கு மிச்சமாவது கொஞ்சம்தான், சமவெளி மாதிரி மூன்றில் ஒரு பங்கு இல்லை. மலையிலேயே தன் வேகத்தில் ஓட்டி யேட்ஸைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும், உச்சி தாண்டிய பிறகு அந்தப் பேரமே செல்லாது. கராபாஸ் சூதாடினார், இரண்டாமிடக்காரர் சூதாடலாம். இன்னொரு விஷயம், 2018-ல் இதே மலையில்தான் யேட்ஸ் இளஞ்சிவப்புச் சட்டையோடு நொறுங்கி 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார், அன்று 80 கிலோமீட்டர் தனியாக ஓடி ஜெயித்தவர் ஃப்ரூம். யேட்ஸுக்கு அந்த மலை எங்கே கடிக்கும் என்று தெரிந்திருந்தது.

ஒரே டீம் ஆளுங்க ஒருத்தனையொருத்தன் அடிச்சுக்கிட்டாங்களே, 2023 வுவெல்டாவுல செப் கஸ் விஷயம். அது துரோகம்தானே?

வுவெல்டா ஸ்பெயினின் மூன்று வார ஓட்டம். கஸ் பந்தி பரிமாறுகிறவர், அந்த வருடம் ஜிரோவில் ரோக்லிச்சுக்கும் டூரில் விங்கேகோவுக்கும் பரிமாறி முடித்துவிட்டு மூன்றாவதாக இதற்கு வந்தவர். முன்னால் ஓடிய ஒரு கும்பலில் இருந்து நேரம் சம்பாதித்துத் தலைமைச் சட்டையைப் பிடித்துவிட்டார். அங்லிரு மலையில் அந்த இரண்டு தலைவர்களும் அவரை விட்டுவிட்டு மேலே போனார்கள். அன்று முடிந்தபோது விங்கேகோவை விட கஸ் வெறும் 8 விநாடி முன்னால்.

துரோகம் என்று சொல்ல மாட்டேன், முதலாளித்தனம் என்று சொல்வேன். அப்புறம் அணிக்குள் பேசி முடித்துப் பின்னால் நின்றார்கள், கஸ் 17 விநாடியில் ஜெயித்தார், முதல் மூன்று இடமும் ஒரே அணிக்கு. அங்லிருவில் கஸ்ஸுக்கு மறைவாக ஓட்டியது வேறு அணிக்காரர் மிகேல் லான்டா என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது.

பொண்ணுங்க ரேஸ்ல நாலு செகண்ட்ல தோத்தாங்களே ஒருத்தங்க, அது டீம்மேட் தப்பா?

நெதர்லாந்தின் டெமி வோலரிங், 2024 பெண்கள் டூர் டி பிரான்ஸ். மஞ்சள் சட்டையோடு ஐந்தாம் நாள் கோட்டுக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் முன்னால் விழுந்தார். கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால் கூட்டத்தின் நேரமே கொடுப்பார்கள், இவர் அதற்கு வெளியே. உதவிக்கு ஆட்கள் சரியாக நிற்கவில்லை, அன்று ஓட்டத்தை ஜெயித்தது அவருடைய அணியின் பிளாங்கா வாஸ். கடைசியில் அந்த டூரை ஜெயித்த கத்தார்சினா நியேவியாடோமாவிடம் வோலரிங் 1 நிமிடம் 47 விநாடி இழந்தார்.

கடைசி நாள் அல்ப் துவேஸ் மலைக்கு வந்தபோது 1 நிமிடம் 15 விநாடி பின்னால். அன்று வோலரிங் ஜெயித்தார், நியேவியாடோமா 1 நிமிடம் 1 விநாடி கழித்து வந்தார். முதலிடக் கழிவு 10 விநாடி. 61-உம் 10-உம் 71, வேண்டியது 75. வோலரிங் விழுந்த நாளில் அணியில் ஒருவர் நின்று இரண்டு கிலோமீட்டர் காற்றை வாங்கியிருந்தால் அந்த நான்கு விநாடி வந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. அணியை மன்னிக்க நான் தயாரில்லை.

இவன் கிலோவுக்கு ஏழு வாட் போட்டான்னு நெட்டுல போடுறாங்களே, அதை நம்பலாமா? நேரா கேக்குறேன், மருந்து இல்லாம முடியுமா?

அந்த வாட் பெரும்பாலும் அளந்தது இல்லை, மலையின் நீளம், சரிவு, எடுத்த நேரம், ஊகித்த எடை வைத்துப் போட்ட கணக்கு. அன்றைய காற்று அதில் சரியாக வராது. ஒரே மலையில் ஒரே நாளில் இரண்டு பேரை ஒப்பிடப் பயன்படும், தலைமுறை ஒப்பீட்டுக்கு ஆபத்து.

சந்தேகம் வருவது நியாயம். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012-ல் பறிக்கப்பட்டன. 2024-ல் பிளாட்டோ டி பெய் மலையில் மார்கோ பன்டானியின் 1998 நேரத்தைப் போகாச்சார் மூன்று நிமிடத்துக்கு மேல் முறியடித்தார், பன்டானி காலம் ஊக்கமருந்து மலிந்த காலம் என்று எல்லாருக்கும் தெரியும். மறுபக்கம், இப்போது மணிக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது, சைக்கிளும் டயரும் உடையும் காற்றுக்கு ஏற்ப மாறிவிட்டன, 2008-லிருந்து ஒவ்வொருவரின் ரத்தக் கணக்கையும் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். சந்தேகப்படுங்கள், தெரிந்த மாதிரி மட்டும் பேசாதீர்கள்.

போகாச்சாரா, மெர்க்ஸா?

பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஐந்து டூர், போகாச்சார் 2025 வரை நான்கு. ஒரே வருடத்தில் ஜிரோ, டூர், உலகச் சாம்பியன் மூன்றையும் மெர்க்ஸ் 1974-ல் எடுத்தார், போகாச்சார் 2024-ல். இடையில் 1987-ல் ஸ்டீஃபன் ரோச்சும் எடுத்தார், அவரை யாரும் இந்தச் சண்டைக்குக் கூப்பிடுவதில்லை. அடுத்த கேள்வி.

சார், எங்க பையன் அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டியில ஆரம்பத்துலேயே முன்னாடி போயி கடைசியில அஞ்சாவதா வந்தான். பயிற்சி பத்தலையா?

கால் நன்றாகத்தான் இருக்கிறது. வழியெல்லாம் எத்தனை பேர் அவன் பின்னால் ஒட்டி வந்தார்கள் என்று கேட்டேன், நாலு பேர் என்றான். அந்த நாலு பேரும்தான் முதல் நாலு இடம். கியர் இல்லாத சாதா சைக்கிள் என்றாலும் காற்று அதே காற்றுதான். அடுத்த செப்டம்பரில் பாதி தூரம் தாண்டும்வரை மூன்றாவது இடத்தில் ஒளிந்திருக்கச் சொல்லுங்கள், பார்க்கிறவர்கள் "உங்க பையன் ஏன் பின்னாடி வர்றான்" என்று கேட்டால் சிரித்துக்கொண்டு நில்லுங்கள்.

ஞாயித்துக்கிழமை ரைடுல முழுக்க உங்க பின்னாடியே வந்து, காவேரிப்பட்டணம் டீக்கடை போர்டுகிட்ட முந்தினது ஜெயிப்பா, இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரே அதைச் செய்தவர், எல்லாருக்கும் தெரியட்டும். ஜெயிப்புதான். கராபாஸுக்குக் கொடுத்த நியாயத்தை உங்களுக்கு மறுக்க முடியாது. பின்னால் வந்தது உங்கள் சாமர்த்தியம், நான் திரும்பித் திரும்பிப் பார்த்தும் பக்கம் ஒதுங்காமல் இழுத்துக்கொண்டே போனது என் மடத்தனம். ஆனால் முந்துகிறவர் டீக்காசு கொடுப்பது எங்கள் குழுவின் எழுதாத சட்டம், அன்றைக்கு எட்டு டீ, நாலு பன், இன்னும் பாக்கி இருக்கிறது.